அடங்கினால் போதுமா?

1955-ம் வருடம். அமெரிக்காவில் சூஸி என்ற பதிமூன்று வயதுப் பெண் தன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

அவளுக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்தில் ஆஸ்துமாக்காரர்களிடம் ஒரு கருவி இருந்தது. கண்ணாடிக் குடுவை, அதன் ஒரு முனையில் ரப்பர் பந்து. பழைய சலூன்களில் தண்ணீர் பீய்ச்சுவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. உள்ளே மருந்தை ஊற்றி, வாயில் வைத்து, பந்தை அழுத்தி அழுத்தி இழுக்கவேண்டும். கீழே விழுந்தால் உடையும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒவ்வோர் அளவு மருந்து வரும். பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனால் மானம் போகும்.

சூஸிக்கு வெறுத்துப் போய்விட்டது. தலைமுடிக்கு அடிக்கிற ஸ்பிரேயெல்லாம் டப்பாவில் வருகிறது, அழுத்தினால் புஸ்ஸென்று பீய்ச்சுகிறது, என் மருந்தை மட்டும் ஏன் அப்படிப் போட்டுத் தரமாட்டேன் என்கிறார்கள்?

நியாயமான கேள்வி. நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி ஆயிரம் கேட்கின்றன. ‘போய்ப் படிக்கிற வேலையைப் பார்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சூஸியின் அப்பா அப்படிச் சொல்லவில்லை. காரணம், அவர் ஜார்ஜ் மைசன். ரைக்கர் லேபரட்டரீஸ் என்கிற மருந்து கம்பெனியின் தலைவர்.

அவர் என்ன செய்தார் என்று பார்ப்பதற்கு முன்னால், அதுவரைக்கும் இழுப்பு வந்த குழந்தைகளை உலகம் என்ன பாடு படுத்தியது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

தியோடர் ரூஸ்வெல்ட்டைத் தெரியும் அல்லவா? 1901-ல் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர். சிங்க வேட்டையெல்லாம் ஆடித் திரிந்த மனிதர். சின்ன வயதில் அவர் ஒரு நோஞ்சான். ராத்திரியானால் மூச்சு முட்டும். அப்பா அவரைப் போர்வையில் சுற்றிக் குதிரை வண்டியில் போட்டுக்கொண்டு நியூயார்க் வீதிகளில் ஓட்டுவார், முகத்தில் காற்று அடித்தால் சரியாகும் என்று. சரியாகாத நாளில் கடுங்காப்பி. அதற்கும் மசியாவிட்டால் சுருட்டு! குழந்தைக்குத்தான். பிடிக்கச் சொல்வார்கள்.

சிரிக்காதீர்கள். ஆஸ்துமாவுக்குப் புகை என்கிற வைத்தியத்தில் நம் மெட்ராஸுக்கும் பங்கு உண்டு. ஊமத்தையைக் காயவைத்துப் புகை பிடித்தால் இழுப்பு அடங்கும் என்பது இங்கே பழைய கைவைத்தியம். மெட்ராஸில் கம்பெனி அரசாங்கத்தின் தலைமை வைத்தியராக இருந்த ஆண்டர்சன் இதைக் கவனித்தார். சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு, சாயப்பூச்சி வளர்க்கிறேன் என்று மெனக்கெட்டாரே, அதே ஆண்டர்சன். அவரிடமிருந்து விஷயத்தைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-ல் அதை பிரிட்டனுக்கு எடுத்துப்போனார். அவ்வளவுதான். அடுத்த நூறு வருடத்துக்கும் மேலாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமா சிகரெட் சக்கைப்போடு போட்டது.

அது முழு மூடத்தனமும் இல்லை. ஊமத்தையில் இருக்கும் சரக்கு மூச்சுக்குழாயை நிஜமாகவே கொஞ்சம் தளர்த்தும். அதே வகையைச் சேர்ந்த, பக்குவப்படுத்தப்பட்ட மருந்து இன்றைக்கும் ஆஸ்பத்திரி நெபுலைசரில் போகிறது. ஆனால் ஊமத்தை விஷம். அளவு தப்பினால் புத்தி பேதலிக்கும். புகையோ, ஏற்கெனவே புண்பட்ட குழாயை இன்னும் கொஞ்சம் புண்ணாக்கும்.

புகையாவது பரவாயில்லை. அடுத்து வந்ததுதான் கொடுமை.

1941-ல் சிகாகோவில் ஃப்ரெஞ்ச், அலெக்ஸாண்டர் என்று இரண்டு மனோதத்துவ டாக்டர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஆஸ்துமாக்காரனின் அந்த விசில் சத்தம் இருக்கிறதே, அது அம்மாவுக்காக அழ நினைத்து அடக்கிக்கொண்ட அழுகையாம். அதாவது, நோய் நெஞ்சில் இல்லை. வளர்ப்பில் இருக்கிறது.

ஏற்கெனவே நியூயார்க்கில் முர்ரே பெஷ்கின் என்று ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். வீட்டில் மோசமாக இழுத்துக்கொண்டிருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் தேறிவிடுவதைப் பார்த்தார். அப்படியானால் வீடுதான் வியாதி. அவர் ஒரு சிகிச்சை சொன்னார். டான்ஸிலை வெட்டி எடுக்கிற மாதிரி, பெற்றோரைக் குழந்தையிடமிருந்து வெட்டி எடுத்துவிடுவது! கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், ஆஸ்துமாக் குழந்தைகளுக்காகவே ஒரு விடுதி நடந்தது. மோசமான கேஸ்களை அங்கே அனுப்பினார்கள். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் அப்பா அம்மா இல்லாமல் அங்கேயே இருக்கவேண்டும்.

பல குழந்தைகள் தேறவும் செய்தன. அதுதான் விசேஷம். ‘பார்த்தீர்களா, அம்மாதான் காரணம்’ என்றார்கள்.

அம்மாவா? 1964-ல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் வோர்ஹார்ஸ்ட் என்பவரும் அவருடைய சகாக்களும் வீட்டுத் தூசியை ஆராய்ந்து, அதில் ஒவ்வாமையைக் கிளப்புவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சி என்று காட்டினார்கள். மெத்தை, தலையணையில் குடியிருக்கும். நாம் உதிர்க்கும் தோல் செதிள்தான் அதற்குச் சாப்பாடு. ஈரப்பதம் இருந்தால்தான் பிழைக்கும். டென்வரோ கடல்மட்டத்துக்கு மேலே 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிற வறண்ட ஊர். அங்கே அந்தப் பூச்சிக்குப் பிழைப்பில்லை. குழந்தை பிரிந்து வந்தது அம்மாவைவிட்டு மட்டும் அல்ல, தன் மெத்தையைவிட்டும்தான். பழி விழுந்தது என்னவோ அம்மா மேல்.

போகட்டும். சூஸியின் அப்பாவிடம் வருவோம்.

மைசன் கம்பெனிக்குப் போனார். இர்விங் போருஷ் என்கிற தன் ஆராய்ச்சியாளரிடம் வேலையை ஒப்படைத்தார். போருஷிடம் இருந்த தளவாடங்களைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். ஒரு பழைய ஐஸ்க்ரீம் பெட்டி, ஒரு பெட்டி காலி கோக் பாட்டில்கள், பாட்டிலுக்கு மூடி போடுகிற ஒரு மெஷின். திரவமாக்கிய வாயுவைக் குளிரவைத்து, அதில் மருந்தைக் கலந்து, அடைத்துப் பார்த்தார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரே அளவு மருந்து வரவேண்டும் அல்லவா? அதற்கு ஒரு வால்வு தேவை. சென்ட் பாட்டிலுக்காகச் செய்யப்பட்ட வால்வு ஒன்று அகப்பட்டது. தீர்ந்தது பிரச்னை.

1956 மார்ச்சில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டது. கேள்வி கேட்டு சுமார் ஒரு வருடம்தான். மெடிஹேலர் கடைக்கு வந்தது. நாம் இன்று இன்ஹேலர் என்று சொல்லும் சங்கதியின் முதல் அவதாரம்.

சும்மா சொல்லக்கூடாது, அற்புதமான பொருள். சட்டைப்பையில் அடங்கும். ஒரு அழுத்து, ஒரு மூச்சு, சில நிமிடத்தில் நெஞ்சு திறக்கும். மூச்சு முட்டி நீலம் பாய்ந்து கிடக்கும் பிள்ளையைப் பார்த்துப் பதறியவர்களுக்கு அது சாமி வரம். பிரிட்டனில் 1960-களின் தொடக்கத்தில் மடமடவென்று விற்றது. டாக்டர் சீட்டுகூட வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும்.

அப்புறம்தான் அது ஆரம்பித்தது.

பிள்ளைகள் சாகத் தொடங்கினார்கள்.

ஆஸ்துமாவில் சாவு என்பது எப்போதும் உண்டு, ஆனால் கம்மி. அந்தக் கணக்கு நூறு வருடமாகப் பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திடீரென்று ஏறுகிறது. இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த கணக்கில், 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடையே ஆஸ்துமா சாவு 1959-க்குப் பிறகு ஏழே வருடத்தில் கிட்டத்தட்ட எட்டு மடங்கு. 1966-ல் அந்த வயதில் செத்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேர் ஆஸ்துமாவால் செத்தவர்கள். நல்ல மருந்து வந்த பிறகு!

நான் காமர்ஸ் படித்தவன். லாபம் ஏறும்போது நஷ்டமும் சேர்ந்து ஏறினால், எங்கேயோ கணக்கில் கோளாறு என்று தேடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். லண்டனிலும் அப்படித்தான் தேடினார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை அம்பலப்படுத்திய ரிச்சர்ட் டாலும், ஃப்ராங்க் ஸ்பெய்ஸர் என்ற அமெரிக்க இளைஞரும் இன்னும் சிலரும் சேர்ந்து, 5 முதல் 34 வயதுக்குள் ஆஸ்துமாவால் செத்த 184 பேரின் கதையை ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். கடைசி நாட்களில் என்ன மருந்து எடுத்தார்கள்? 1968-ல் வெளியான விடை: நூற்றுக்கு 84 பேர் இந்த அழுத்துகிற டப்பாவைப் பயன்படுத்தியவர்கள்.

அதற்குள் அரசாங்கமும் விழித்துக்கொண்டிருந்தது. 1967-ல் டாக்டர்களுக்கு எச்சரிக்கை போனது. 1968 டிசம்பரில், சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று உத்தரவு. விற்பனை சரிந்தது. சாவும் கூடவே சரிந்தது. இடைப்பட்ட சில வருடங்களில் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தவர்கள் சுமார் 3,500 பேர் என்று பின்னர் கணக்குப் போட்டார்கள்.

ஆனால் ஒரு புதிர். டப்பா பிறந்ததே அமெரிக்காவில். அங்கே ஏன் இப்படி ஒரு சாவு அலை வரவில்லை?

1972-ல் பால் ஸ்டாலி என்பவர் முடிச்சை அவிழ்த்தார். பிரிட்டனிலும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நார்வே போன்ற இடங்களிலும் ‘ஃபோர்ட்டே’ என்று ஒரு காட்டமான ரகம் விற்றது. ஒரு அழுத்தலில் ஐந்து மடங்கு மருந்து. அது விற்ற ஊர்களில்தான் அலை வந்திருந்தது. அமெரிக்காவில் அந்த ரகம் விற்கப்படவில்லை.

அப்படியானால் மருந்தே இதயத்தை அடித்துப்போட்டதா? அல்லது மருந்து தந்த தற்காலிகச் சுகத்தை நம்பி, ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய பிள்ளை வீட்டிலேயே அழுத்திக்கொண்டு கிடந்ததா? இந்தச் சண்டை பல வருடம் நடந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதைத்தான் ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும் புரிந்துகொள்ளவேண்டும் என்பேன். டப்பாவைக் கண்டு பயப்படுவதற்காக அல்ல. எதை எதற்கு உபயோகிக்கிறோம் என்று தெரிவதற்காக.

அடுப்பில் பால் பொங்கி வருகிறது. கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறீர்கள். டப்பென்று அடங்கும். அடுப்பு அணைந்துவிட்டதா என்ன? எரிந்துகொண்டுதான் இருக்கிறது. மறுபடி பொங்கும். மறுபடி தெளிக்கவேண்டும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தீரும், பால் வழியும்.

ஆஸ்துமா இதுதான். மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கிக் கிடக்கிறது, சளி கோத்திருக்கிறது. அது அடுப்பு. அந்த வீக்கத்தால் எரிச்சலடைந்து, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுக்குகிறது. அது பொங்கல். சூஸியின் டப்பா தசையை மட்டும் தளர்த்தும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை.

அடுப்பைத் தணிக்க என்ன வழி என்று வேறு சிலர் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவரைச் சொல்லாமல் போனால் பாவம். ரோஜர் அல்டூன்யன். 1922-ல் சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்த டாக்டர். சின்னப் பையனாக இருந்தபோதே ஆர்தர் ரான்ஸம் எழுதிய ‘ஸ்வாலோஸ் அண்ட் அமேஸான்ஸ்’ சிறுவர் நாவலில் ரோஜர் என்ற பாத்திரமாகவே இடம்பிடித்தவர். அவருக்கு ஆஸ்துமா. கினிப் பன்றியின் முடியும் செதிளும் ஊறிய கஷாயத்தின் ஆவியை இழுத்தால் இழுப்பு வந்துவிடும். என்ன செய்தார் தெரியுமா? வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்து, புது மருந்தைத் தன்மேலேயே போட்டுப் பார்த்தார். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, வருடக் கணக்கில். நூற்றுக்கணக்கான சரக்குகள் தோற்று, 1965-ல் ஒன்று பலித்தது. எகிப்தின் ஒரு நாட்டு மூலிகையிலிருந்து கிளைத்த குரோமோகிளைகேட். இழுப்பு வந்தபின் அடக்குவது அல்ல, வராமல் தடுப்பது. போரில் விமானம் ஓட்டப் பயிற்சி கொடுத்தவராதலால், மருந்துத் தூளை உள்ளே அனுப்பும் கருவியையும் விமான விசிறி மாதிரி சுழலும்படிச் செய்தார். இன்றைக்கு அந்த மருந்து ஓரங்கட்டப்பட்டுவிட்டது. அந்த மனுஷனை ஓரங்கட்ட முடியாது.

ஓரங்கட்டியது ஸ்டீராய்டு. டேவிட் ஜாக் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் குழு 1969-ல் சால்புட்டமாலைக் கொண்டுவந்தது. இதயத்தை அதிகம் படபடக்க வைக்காத, பழையதைவிடப் பத்திரமான தண்ணீர்த் தெளிப்பு. அதே குழு 1972-ல், மூச்சில் இழுக்கிற ஸ்டீராய்டையும் கொண்டுவந்தது. அடுப்பைத் தணிக்கும் மருந்து. டெர்பி என்கிற ஊரில் மாரோ பிரவுன் என்ற டாக்டர், நோயாளிகளின் சளியைத் தானே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, யாருக்கு இது பலிக்கும் என்று பிரித்துக் காட்டினார். மாத்திரையாக விழுங்கினால் முகம் ஊதும், வளர்த்தி நிற்கும் என்று பயமுறுத்திய அதே ஸ்டீராய்டு, மைக்ரோகிராம் கணக்கில், போகவேண்டிய இடத்துக்கு மட்டும் போனது.

இதோடு உலகம் பாடம் கற்றது என்று நினைத்தால், ம்ஹூம். 1976-ல் நியூசிலாந்தில் ஃபெனோடெரால் என்று இன்னொரு காட்டமான தெளிப்பு வந்தது. மறுபடி சாவு அலை. 1989-ல் அதைக் கண்டுபிடித்துக் கட்டுப்படுத்தினார்கள், அலை அடங்கியது. 2014-ல் பிரிட்டனில் ஆஸ்துமாவால் செத்த 195 பேரின் கோப்புகளைப் புரட்டினார்கள். கணக்குக் கிடைத்தவர்களில் நூற்றுக்கு 39 பேர், சாவதற்கு முந்தைய ஒரு வருடத்தில் பன்னிரண்டுக்கு மேற்பட்ட தெளிப்பு டப்பாக்களை வாங்கியிருந்தார்கள். 2019-ல்தான் ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டிக் குழுவான ‘ஜினா’, பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் தெளிப்பு மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று திட்டவட்டமாகச் சொன்னது. 1955 எங்கே, 2019 எங்கே!

என் அக்கா வீட்டுக்கு வருகிறேன்.

அக்கா பையனுக்கு அப்போது ஏழு வயது. வீசிங். மார்கழி வந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடிப்பது குடும்ப வழக்கம். இருமல் மருந்து மாதிரி ஒரு சிரப் எப்போதும் வீட்டில் இருக்கும். ஒரு நீல இன்ஹேலரும் உண்டு, பீரோவில், புடவைக்கு அடியில். யாராவது பார்த்துவிட்டால்? ‘ஒருதடவை வச்சா விடவே முடியாதாமே, பழகிடுமாமே’ என்பது மாமியாரின் தீர்ப்பு. ‘ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துக் கொடுத்து நீதான் கெடுத்தே’ என்பது உப தீர்ப்பு. டென்வருக்கும் எங்கள் ஊருக்கும் பெரிய தூரம் ஒன்றுமில்லை.

ஒருமுறை நான் துணைக்குப் போனேன். புது டாக்டரம்மா. நிதானமானவர்.

‘‘இந்த நீலம் எத்தனை நாள் வரும்?’’ என்றார்.

‘‘மாசத்துக்கு ஒண்ணு ஆயிடுது டாக்டர். கரெக்டா குடுத்துடறேன்’’ என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ‘‘ஒரு டப்பாவுல இருநூறு அழுத்து இருக்கும்மா. வருஷத்துக்கு மூணு டப்பா தாண்டினாலே நாங்க யோசிப்போம். உங்களுக்குப் பன்னெண்டு. தினமும் போடச் சொல்லி இன்னொண்ணு எழுதிக் குடுத்திருக்காங்களே, அது?’’

‘‘அது ஸ்டீராய்டுன்னாங்க. அதான் நிறுத்திட்டோம். வீசிங் நின்னதும் எதுக்குன்னு...’’

‘‘நின்னது சத்தம்மா. வீக்கம் நிக்கல.’’

அதன்பிறகு அவர் சொன்ன இரண்டு கணக்கு என் மண்டையில் அப்படியே இருக்கிறது. பயந்து பயந்து மறைத்து வைத்த நீலக் குழலில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். பயமே இல்லாமல் ஊற்றிய சிரப்பில், 5 மில்லிக்கு 2 மில்லிகிராம். அதாவது ஒரு ஸ்பூன் சிரப், இருபது அழுத்தலுக்குச் சமம்! ரத்தம் பூராவும் சுற்றி, கை நடுங்கி, கடைசியில்தான் நெஞ்சுக்குப் போய்ச் சேரும்.

இன்னொன்று, வளர்த்தி. அமெரிக்காவில் ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளுக்குப் பரிசோதனை நடத்தி, அவர்கள் பெரியவர்களாகும்வரை அளந்து பார்த்து, 2012-ல் வெளியிட்டார்கள். தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடச் சராசரியாகக் குள்ளம்தான். எவ்வளவு? 1.2 சென்டிமீட்டர். ‘‘உங்க சுண்டுவிரல் அகலம்மா’’ என்று டாக்டரம்மா தன் விரலையே காட்டினார். ‘‘ஒண்ணுமே இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு, அப்பப்போ வரச் சொல்லி, இன்னும் குறைக்கப் பார்ப்போம். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க.’’

நிறத்தைப் பார்த்து மருந்து எடுக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பெயரைப் படித்து எழுதி வையுங்கள் என்றார். கூடவே ஸ்பேசர் ஒன்று வாங்கச் சொன்னார். குழந்தைக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராது, பாதி மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு பிளாஸ்டிக் குடுவை இருந்தால் மருந்து அதில் மிதக்கும், குழந்தை நிதானமாக ஐந்தாறு மூச்சில் இழுத்துக்கொள்ளும். அதற்குக் காசில்லாத ஊர்களில் என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் ஹெதர் ஸார் என்ற குழந்தை மருத்துவர் வழி கண்டுபிடித்து 1999-ல் நிரூபித்தார். அரை லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பிளாஸ்டிக் பாட்டில். அடியில் இன்ஹேலர் வாய்க்குச் சரியாக ஓட்டை போட்டு, இடுக்கை அடைத்துவிட்டால், கடையில் விற்கும் ஸ்பேசருக்கு அது சளைத்ததில்லை. போருஷின் காலி கோக் பாட்டில் ஞாபகம் வருகிறதா?

அக்கா கடை ஸ்பேசரே வாங்கினாள். ஸ்டீராய்டு எடுத்தால் வாய் கொப்பளிக்கவேண்டும் என்பது விதி. பையன் காலையும் மாலையும் பல் தேய்ப்பதற்கு முன்னால் எடுத்துக்கொள்கிறான். அதனால் அது இப்போது பீரோவில் இல்லை. முற்றத்துக் குழாயடியில், டூத் பிரஷ் ஸ்டாண்டில் இருக்கிறது. வாசல் கதவு திறந்திருந்தால் தெருவில் போகிறவர்களுக்கே தெரியும். அடுத்த மார்கழியில் ஆட்டோ பிடித்தது ஒரே ஒரு ராத்திரி. நீலக் குழல் அந்த வருடம் இரண்டுதான் காலியானது.